வட்டம் கெட்டுவிட்டதா? உப்புத்தாளை எடுக்கும் முன்

சென்ற மாதம் இங்கே சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தம்பி பழைய ஸ்நேர் டிரம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஸ்லிங்கர்லேண்ட் நிறுவனத்தின் ரேடியோ கிங். 14 அங்குல விட்டம், ஆறரை அங்குல ஆழம். அமெரிக்க ஜாஸ் டிரம் கலைஞர் ஜீன் குருப்பா வாசித்துப் புகழ் சேர்த்த வகை. "அண்ணா, ஷெல், அதாவது டிரம்மின் மர உடல், கோணிவிட்டது என்று சொல்லி ஒரு கடையில் விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கம்பிச் சத்தமே சரியாக வரவில்லை" என்றார். கீழ் விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். வயிறு எரிந்தது.

ஸ்நேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டிச் சுருள்கம்பிகள் ஓடுகின்றன அல்லவா? அவை தோலோடு படிந்து கிடப்பதற்காக, கம்பிகள் விளிம்பைக் கடக்கும் இரண்டு இடங்களிலும் மரத்தை இலேசாகத் தாழ்த்தியிருப்பார்கள். ஆழம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கீழ் விளிம்பு படும்படி ஷெல்லைக் கண்ணாடி மேசைமீது வைத்து உள்ளே விளக்கு வைத்தால், எதிரெதிரான அந்த இரு இடங்களிலும் வெளிச்சம் கசியும். தெரியாதவர் கண்ணுக்கு அது மரம் வளைந்ததுபோலத் தோன்றும். உப்புத்தாளை விரித்து, மட்டமாகும்வரை தேய்த்துவிடுவார். இந்தத் தம்பியின் டிரம்முக்கு நடந்தது அதுதான். பழைய மரத்துக்குச் செய்யும் தவறுகளில் இதைவிடக் கொடியதை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் மர ஷெல் வட்டம் கெடுவதே இல்லையா? கெடும். ஆனால் எந்த மரம், எப்படிச் செய்தது என்று தெரியாமல் பேசக்கூடாது. நம் மிருதங்கக் கட்டையும் தவில் கட்டையும் பலா மரத்தைக் குடைந்து எடுப்பவை. ரேடியோ கிங் அப்படியல்ல. ஒரே மேப்பிள் பலகையை ஆவியில் வேகவைத்து வளைத்து, இரு முனைகளையும் சாய்வாகச் சீவி ஒட்டி, மேலும் கீழும் உள்வளையம் வைத்து இறுக்கியது. 1960-களில் லுட்விக் நிறுவனம் செய்த மர ஷெல்கள் வேறு வகை. மூன்று மெல்லிய அடுக்குகளை ஒட்டி உள்வளையம் சேர்த்தவை. அடுத்தடுத்த அடுக்குகளின் இழைகள் குறுக்கே ஓடுவதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

மரம் ஈரம் குடித்தால் இழையின் குறுக்கேதான் உப்பும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. ஒற்றைப் பலகை ஷெல்லில் இழை வட்டத்தைச் சுற்றி ஓடுகிறது. ஆகவே சுற்றளவு அப்படியே இருக்கும், ஆழம்தான் மாறும். மேப்பிளின் ஈரம் 6 விழுக்காட்டிலிருந்து 12-க்கு ஏறினால், ஆறரை அங்குல ஆழத்தில் ஒன்றரை முதல் மூன்றரை மில்லிமீட்டர்வரை கூடலாம். அதோடு, வளைத்த பலகை ஈரம் ஏறும்போது மெல்ல நிமிரப் பார்க்கும். அந்த இழுப்பை எல்லாம் தாங்குவது முனைகள் சேரும் ஒட்டும் உள்வளையங்களின் பசையும்தான். பசை விட்டுவிட்டால் அந்த இடத்தில் ஷெல் திறந்துகொள்ளும், வட்டம் முட்டை வடிவாகும். எனவே ஒரு பழைய ஷெல்லைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது வட்டத்தை அல்ல. உள்வளையத்தைச் சுற்றி விரல் நுனியால் தட்டிக்கொண்டே வருவேன். கெட்டியான சத்தம் திடீரென்று சலசலத்தால், அங்கே பசை விட்டிருக்கிறது.

புதிய தோலை மாட்டும்போது அது விளிம்பைச் சுற்றி இறங்கவில்லை என்பதற்காக ஷெல்லைக் குறை சொல்வது அடுத்த தவறு. பிளாஸ்டிக் தோல்கள் பரவலானது 1957-க்குப் பிறகுதான். ரெமோ நிறுவனம் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். அதற்கு முந்தைய ஷெல்கள் கன்றுத் தோலுக்காகச் செய்யப்பட்டவை. கன்றுத் தோலை வளையத்தில் ஈரத்தோடு மடித்துக் கட்டும்போது அந்தந்த டிரம்முக்கு ஏற்பப் பொருத்திக்கொள்ள முடியும். இன்றைய தோலின் அலுமினிய வளையத்துக்கு அந்த நெகிழ்வு இல்லை. ஷெல் கச்சிதமான வட்டமாக இருந்தும் அரை மில்லிமீட்டர் பெருத்திருந்தால்கூடத் தோல் சிக்கும். வெளியே ஒட்டிய பிளாஸ்டிக் உறையின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்திலும் அப்படித்தான். தோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் இரும்பு வளையம் கோணலாக இருந்தாலும் இதே தொல்லைதான். அதை முதலில் மேசைமீது தனியாக வைத்து, ஆடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். தோலையும் வளையங்களையும் கழற்றி, ஷெல்லை வெள்ளைத்தாள்மீது வைத்து, கூரான பென்சிலால் வெளிப்புறத்தைச் சுற்றி வரையுங்கள். பிறகு ஷெல்லைக் கால் சுற்று திருப்பி, அதே கோட்டின்மேல் வையுங்கள். முட்டை வடிவமாக இருந்தால் இரண்டு பக்கம் கோடு வெளியே தெரியும், மற்ற இரண்டு பக்கம் ஷெல் கோட்டை மறைத்திருக்கும். எண்ணாக வேண்டுமென்றால் இரும்பு அளவுகோலால் நான்கு திசையில் விட்டத்தை எடுத்து, உறை ஏறிய இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். 14 அங்குலம் என்பது 355.6 மில்லிமீட்டர். மிகப் பெரிய விட்டத்துக்கும் மிகச் சிறியதற்கும் ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. மூன்றைத் தாண்டினால் யோசிப்பேன். தோல் தானாக இறங்கி, கையால் சுழற்றினால் சுழல்கிறது என்றால், எண் என்ன சொன்னாலும் அந்த டிரம்மை வாசிக்கலாம். ஈசூன் தம்பியின் ரேடியோ கிங்கை இப்படித்தான் அளந்தோம். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட வரவில்லை.

உண்மையிலேயே வட்டம் கெட்டிருந்தால்? முடி உலர்த்தியால் சூடு காட்டுவது, ஆவி பிடிப்பது, மர இறுக்கியைப் போட்டு ஒரே இரவில் நெரிப்பது ஆகிய மூன்றும் வேண்டாம். சூட்டிலும் ஈரத்திலும் பழைய பசை இளகும், பிளாஸ்டிக் உறை சுருங்கும். கோணாத வளையங்களையும் புதிய தோல்களையும் மாட்டி, எதிரெதிர் திருகுகளைச் சிறிது சிறிதாக முறுக்கி, சில வாரம் அப்படியே விடுங்கள். சிறிய கோணல் அதிலேயே அடங்கிவிடும். உள்வளையம் விட்டிருந்தால் மட்டும், வட்ட அச்சில் வைத்து மறுபடி ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இதே காரணத்தால், சுத்தம் செய்யக் கழற்றிய ஷெல்லை மாதக்கணக்கில் வெறுமனே விடக்கூடாது. தோலும் வளையமும் அதற்கு அணைகயிறு போல. பெட்டிகளுக்கு அடியில் பக்கவாட்டில் படுக்கவைத்து மேலே சாமான் அடுக்குவது இன்னும் மோசம்.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டி, வெயில் பிற்பகலில் 60-ஐ ஒட்டி இறங்கும். "இந்த ஈரத்தில் மரம் தாங்காது" என்று பயந்து, சிலர் புகைப்படக் கருவிக்கான உலர்பெட்டியில் 40 விழுக்காட்டில் வைத்துவிடுகிறார்கள். மரத்துக்குப் பகை ஈரம் அல்ல, ஏற்ற இறக்கம். ஒரே அளவில் நிலைத்த ஈரத்துக்கு மரம் பழகிக்கொள்ளும். திடீர் உலர்ச்சியில்தான் ஒட்டு பிளக்கும். இரவெல்லாம் குளிரூட்டி ஓடி, பகலில் சன்னல் திறந்து கிடக்கும் படுக்கையறை நல்ல இடமல்ல. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் இரும்புக் கதவுப் பாதுகாப்பு அறை அதைவிட மோசம். அங்கே காற்று ஓடாது, பூஞ்சை பிடிக்கும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பகுதியில் ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள். தோல் மாட்டிய டிரம்மை அதன் உறைப்பெட்டியில் போட்டு, கூடத்தின் உட்சுவரை ஒட்டி, தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்தால் போதும். பெட்டிக்குள் ஈரம் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகத்தான் நடக்கும்.

தேய்த்து அழித்த கம்பித் தாழ்வை மறுபடி வெட்ட முடியும். அரைவட்ட அரத்தால் ஓரிரு இழுப்பு, பிறகு தோலும் கம்பியும் மாட்டித் தட்டிப் பார்ப்பது, மறுபடி ஓரிரு இழுப்பு. அந்த ரேடியோ கிங்குக்கு இப்படி ஏழு முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. ஏழாவது முறை மெல்லத் தட்டியபோது கம்பி பேசியது.