மாயன் காலண்டர் முடிந்துவிட்டதா? புளியங்கொட்டையும் சோழியும் வைத்துக் கணக்குப் பார்க்கும் முறை

2012 டிசம்பர் 21, வெள்ளிக்கிழமை. நந்தன வருடம், மார்கழி முதல் வாரம். அன்று உலகம் அழியும் என்று மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மாயர்கள் எழுதி வைத்திருப்பதாகப் பேச்சு கிளம்பியது. நாள் வந்தது, போனது. பேச்சு மட்டும் போகவில்லை. தேதியை மாற்றிக்கொண்டு இன்னும் செல்போனில் சுற்றுகிறது. மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் இதைக் கேட்டால் "அதெல்லாம் பொய், போய்ப் படி" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பயந்துபோன பிள்ளைக்கு அந்தப் பதில் பற்றாது. கணக்கை அவர்கள் கையாலேயே போட வையுங்கள். வகுத்தல் தெரிந்தால் போதும், இரண்டு பாடவேளையில் முடியும்.

தேவையான சாமான்கள்

ஒரு குழுவுக்கு 20 புளியங்கொட்டை, 15 ஈர்க்குச்சி, 5 சோழி. தென்னை விளக்குமாற்றிலிருந்து குச்சியை உருவி, விரல் நீளத்துக்கு ஒரே அளவாக ஒடித்துக்கொள்ளுங்கள். சோழி, மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பூஜைச் சாமான் கடைகளில் கிடைக்கும். தரையில் சாக்பீஸால் ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து கட்டம் போடுங்கள்.

இந்தச் சாமான்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மாயர்கள் எண்களைப் புள்ளியாலும் கோட்டாலும் எழுதினார்கள். புள்ளி ஒன்று, கோடு ஐந்து. சுழியத்துக்குச் சிப்பி போன்ற ஒரு குறி. கொட்டை புள்ளியாகவும் குச்சி கோடாகவும் சோழி சிப்பியாகவும் அப்படியே பொருந்திவிடும். ஒரு கட்டத்தில் வரக்கூடிய பெரிய எண் 19. அதற்கு மூன்று குச்சி, நான்கு கொட்டை. ஐந்து கட்டத்துக்கும் சேர்த்துத்தான் மேலே சொன்ன அளவு.

இங்கே ஒரு நிமிடம் நின்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. மாயர்களோ இடத்தை வைத்தே மதிப்பைச் சொன்னார்கள். இடம் காலியாக இருந்தால் சுழியம் வைத்தார்கள். அந்தச் சுழியம்தான் இன்றைய பாடத்துக்கு உயிர். 2012 தேதியில் வந்த சுழியங்களை முடிவு என்று தப்பாகப் படித்ததும் அந்தப் பீதிக்கு ஒரு காரணம்.

கட்டங்களின் மதிப்பு

அடிக்கட்டத்திலிருந்து மேலே போங்கள்.

கின்: 1 நாள்
வினால்: 20 கின், 20 நாள்
துன்: 18 வினால், 360 நாள்
கதுன்: 20 துன், 7,200 நாள்
பக்துன்: 20 கதுன், 1,44,000 நாள்

எல்லாம் இருபதால் பெருகும்போது துன் மட்டும் பதினெட்டால் பெருகுகிறது. 360 நாள் ஓர் ஆண்டுக்கு நெருக்கமாக இருக்கிறது அல்லவா, அதற்காக. இன்று நம் எண்களில் எழுதும்போது மேலிருந்து கீழாகப் படித்துப் புள்ளி வைத்துப் பிரிப்பார்கள். 13.0.0.0.0 என்றால் 13 பக்துன், மற்றதெல்லாம் சோழி.

இந்த நாள்கணக்கின் தொடக்கம் கிரிகோரியன் முறையில், அதாவது இன்று நாம் பயன்படுத்தும் ஆங்கில நாள்காட்டிப்படி, கி.மு. 3114 ஆகஸ்ட் 11. அங்கிருந்து 18,72,000 நாள், அதாவது 13 பக்துன் நிறைந்த நாள்தான் 2012 டிசம்பர் 21. வருடத்தைக் கூட்டிப் பார்க்கும் பிள்ளைகள் 3114-உம் 2012-உம் சேர்ந்து 5126 என்பார்கள். கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் சுழிய ஆண்டு கிடையாது. அதனால் ஒன்றைக் கழிக்க வேண்டும். சரியான இடைவெளி சுமார் 5125 ஆண்டு 4 மாதம்.

ஒரு தேதியைப் போட்டுப் பார்ப்போம்

பராபவ ஆண்டுப் பிறப்பான 14-4-2026-ஐ எடுத்துக்கொள்வோம். கி.மு. 3114-இலிருந்து எண்ணத் தேவையில்லை. 21-12-2012-இல் ஐந்து கட்டமும் 13.0.0.0.0 என்று நின்றது நமக்குத் தெரியும். அங்கிருந்து எத்தனை நாள் கடந்தது என்று பார்த்தால் போதும்.

21-12-2012 முதல் 21-12-2025 வரை 13 ஆண்டு. 13-ஐ 365-ஆல் பெருக்கினால் 4745. நடுவில் பிப்ரவரி 29 வந்தது 2016, 2020, 2024 என மூன்று முறை. ஆக 4748. அங்கிருந்து டிசம்பரில் 10, ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 14, கூட்டினால் 114. மொத்தம் 4862 நாள்.

இனி வகுத்தல். 4862-இல் 7,200 போகாது, எனவே கதுன் கட்டத்தில் சோழி. 360-ஆல் வகுத்தால் 13, மீதி 182. 20-ஆல் வகுத்தால் 9, மீதி 2. பக்துன் கட்டத்தில் ஏற்கெனவே 13 இருக்கிறது. விடை 13.0.13.9.2.

தரையில் அடுக்கினால் மேல்கட்டத்தில் இரண்டு குச்சி மூன்று கொட்டை, அடுத்ததில் சோழி, அதற்குக் கீழே மறுபடி இரண்டு குச்சி மூன்று கொட்டை, பிறகு ஒரு குச்சி நான்கு கொட்டை, அடியில் இரண்டு கொட்டை. முடிந்துபோனதாகச் சொல்லப்பட்ட காலண்டரில் பிள்ளை தன் கையால் ஒரு புதிய நாளை வைத்துவிட்டது. எத்தனை விளக்கம் சொன்னாலும் இதற்கு ஈடாகாது.

எங்கே பிசகும்

அதிகம் நடப்பது நெட்டாண்டை விடுவது. அடுத்தது, தொடக்க நாளையும் சேர்த்து எண்ணிவிடுவது. இரண்டையும் கிழமையால் பிடிக்கலாம். 4862-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 4. வெள்ளியிலிருந்து நான்கு நாள் தள்ளினால் செவ்வாய். நாள்காட்டியில் 14-4-2026 செவ்வாய்தானா என்று பாருங்கள். கிழமை பொருந்தவில்லை என்றால் நாள் எண்ணிக்கையில்தான் பிழை. மற்றதைத் தொட வேண்டாம்.

கிழமை காட்டிக்கொடுக்காத பிழை ஒன்றும் உண்டு. துன்னை 360-க்குப் பதில் 400 என்று எடுத்துவிட்டால் விடை 13.0.12.3.2 என்று வரும். கடைசிக் கட்டம் சரியாக 2 என்றே நிற்பதால் தப்பு கண்ணில் படாது. அதனால் விடையைத் திருப்பிப் பெருக்கிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்: 13×360, 9×20, 2; கூட்டினால் 4862. வினால் கட்டத்தில் 18 அல்லது அதற்கு மேல் வந்தாலும் பிழைதான். அங்கே 17-க்கு மேல் நிற்காது.

புத்தகத்துக்குப் புத்தகம் இரண்டு நாள் வித்தியாசம் தெரிந்தால் பதறாதீர்கள். மாயர் கணக்கை நம் தேதியோடு இணைக்க, வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ந்து எண்ணும் ஜூலியன் நாள் எண்ணில் 584283-ஐப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் 584285-ஐ. இங்கே போட்டது முதல் எண்ணை வைத்து.

பயிற்சிக்கு 15-8-1947 கொடுங்கள். 2012-க்கு முந்தைய தேதி என்பதால் 18,72,000-இலிருந்து கழிக்க வேண்டும். இடைவெளி 23,870 நாள். விடை 12.16.13.12.10.

பதின்மூன்று நிறைந்தால் என்ன ஆகும்

நம்மிடம் அறுபது ஆண்டு வட்டம் இருக்கிறது. பிரபவ 1987-இல் வந்தது. அட்சய முடிந்ததும் 2047-இல் மறுபடி பிரபவ. அட்சயவோடு உலகம் தீரும் என்று எந்தப் பஞ்சாங்கமும் சொல்லவில்லை. பிறந்த வருடம் திரும்பி வந்தால் அறுபதாம் கல்யாணம் செய்து மாலை மாற்றுகிறோம். வட்டம் நிறைவது நமக்கு விசேஷம். மாயர்களுக்கும் அப்படியே. கதுன் நிறைந்தால் கல் நட்டு, அதில் தேதி பொறித்து, அரசன் சடங்கு செய்தான்.

2012-ஐச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது, மறைக்க வேண்டாம். மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் டோர்டுகெரோ என்னும் இடத்தின் 6-ஆம் கல், 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பதின்மூன்றாம் பக்துன் நிறைவதையும், போலோன் யோக்தே என்ற தெய்வத்தையும் அது குறிப்பிடுகிறது. அந்தப் பகுதி எழுத்துகள் சிதைந்திருக்கின்றன. படிக்க முடிந்த வரையில் அழிவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் நடந்த ஒன்றைப் பேச வந்த கல், வரப்போகும் ஒரு பெருநாளோடு அதை இணைத்துப் பெருமை சேர்க்கிறது.

இதைவிட வலுவான சான்று பலேங்கே என்னும் மாயர் நகரத்துக் கல்வெட்டில் இருக்கிறது. அங்கே 615-இல் முடிசூடியவன் பகால். 260 நாள் சடங்கு வட்டமும் 365 நாள் ஆண்டு வட்டமும் ஒரே இடத்தில் மறுபடி சந்திக்க 18,980 நாள், அதாவது சுமார் 52 ஆண்டு ஆகும். பகால் முடிசூடியதிலிருந்து அப்படி 80 சந்திப்புகள் கடந்து வரும் நாளை அந்தக் கல்வெட்டு குறிக்கிறது. 80×18,980-ஐப் பிள்ளைகளையே பெருக்கச் சொல்லுங்கள்: 15,18,400 நாள். அந்த நாள் விழுவது கி.பி. 4772 அக்டோபரில். 2012-இல் உலகம் முடியும் என்று நம்பியவர்கள் 4772-க்கு நாள் குறித்திருப்பார்களா? கோபா என்ற ஊரின் கல் ஒன்றில் பக்துனுக்கு மேலே இன்னும் 19 இடங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஐந்து கட்டத்தோடு கணக்கு நின்றுவிடவில்லை.

கலியுகத்தோடு முடிச்சுப் போடுபவர்களுக்கு

கலியின் தொடக்கம் கி.மு. 3102, மாயர் தொடக்கம் கி.மு. 3114. நடுவில் 4183 நாள்தான் என்பதைப் பிடித்துக்கொண்டு பெரிய இரகசியம் இருப்பதாகச் சொல்வார்கள். இரண்டுமே பின்னாளில் கணிதர்கள் பின்னோக்கி எண்ணி வைத்த தொடக்கங்கள். கலியில் 3600 ஆண்டு கடந்தபோது தனக்கு வயது 23 என்று ஆரியபட்டர் எழுதியது கி.பி. 499-ஐக் குறிக்கிறது. மாயர் பாணி நாள்கணக்கு பொறித்த கற்கள் கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்துதான் கிடைக்கின்றன. கி.மு. 3100 வாக்கில் உட்கார்ந்து யாரும் எதையும் குறித்து வைக்கவில்லை. கலியுகத்துக்குச் சொல்லப்படும் நீளமும் 4,32,000 ஆண்டு. 13 பக்துனோடு எந்த வகையிலும் ஒட்டாது.

செல்போனில் வரும் செய்தியைச் சோதிக்க

முதலில் படத்தைப் பாருங்கள். நடுவில் நாக்கை நீட்டிய முகம் உள்ள வட்டக் கல் என்றால் அது மாயருடையதே அல்ல. 1790-இல் மெக்சிகோ நகரில் கிடைத்த அஸ்டெக் சூரியக்கல். வேறு மக்கள், பல நூற்றாண்டு பிந்தியது.

கணக்கு பிழையாகிவிட்டது, உண்மையான நாள் 2020 ஜூன் 21 என்று ஒரு செய்தி சுற்றியது. 1752-இல் கிரிகோரியன் முறைக்கு மாறியபோது ஆண்டுக்கு 11 நாள் தொலைந்ததாம். 268 ஆண்டுக்கு 2948 நாள், எனவே 8 ஆண்டு பாக்கியாம். 11 நாள் விடப்பட்டது ஒரே ஒரு முறை, அதுவும் பிரிட்டன் ஆண்ட இடங்களில். அப்போதும் தொலைந்தது தேதியின் பெயர்தான், நாள் அல்ல. 1582-இல் ரோமில் முதலில் மாற்றியபோது அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்து அக்டோபர் 15 வந்தது, கிழமை வெள்ளிதான். சூரியன் உதித்ததை ஒவ்வொன்றாக எண்ணும் மாயர் முறையை இந்த மாற்றம் தொடாது. 2020 ஜூன் 21 அன்று சூரிய கிரகணம் இருந்தது, அதனால் செய்தி இன்னும் வேகமாகப் பரவியது.

சூரியன் பால்வெளி நடுவோடு நேர்கோட்டில் வரும் என்ற பயமும் உண்டு. பால்வெளியின் நடு, தனுசுப் பக்கம் இருக்கிறது. மார்கழி என்றாலே சூரியன் தனுசில் இருக்கும் மாதம். ஒவ்வொரு ஆண்டும் இதே நாட்களில் சூரியன் அந்தப் பக்கமாகப் போகிறது, நடுவிலிருந்து சுமார் 6 டிகிரி விலகி.

மாயர்கள் மறைந்துபோன இனம் என்று செய்தியில் இருந்தால் அதையும் திருத்துங்கள். குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் பல லட்சம் பேர் இன்றும் மாய மொழிகள் பேசுகிறார்கள். குவாத்தமாலா மலைப்பகுதியில் கிச்சே மக்களிடையே 260 நாள் வட்டத்தை எண்ணிக் காப்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் கட்டங்களை அழித்துவிடாதீர்கள். ஒரு மூலையில் பெயிண்டால் நிரந்தரமாகப் போட்டு, தினமும் காலையில் ஒரு பிள்ளை அடிக்கட்டத்தில் ஒரு நாளைக் கூட்டட்டும். நான்கு கொட்டை இருக்கும்போது ஐந்தாவது வந்தால் அவற்றை எடுத்துவிட்டுக் குச்சி வைக்க வேண்டும். 19 தாண்டினால், வினால் கட்டத்தில் மட்டும் 17 தாண்டினால், சோழி வைத்து மேல்கட்டத்தில் ஒன்று ஏற்ற வேண்டும். 2026 மே 2 அன்று வினால் கட்டம் ஒன்பதிலிருந்து பத்தாக, இரண்டு குச்சியாக மாறும். அக்டோபர் 9 அன்று துன் கட்டத்தில் நான்காவது கொட்டை சேரும். 2012-இலிருந்து கதுன் கட்டத்தில் இருக்கும் சோழியை எடுத்துவிட்டு முதல் கொட்டையை வைக்கும் நாள் 2032 செப்டம்பர் 7.