ஏற்காட்டுக் காட்டுத்தீயில் தொடங்கிப் பாரன் தீவு எரிமலை வரை: செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் முறை

சேர்வராயன் மலை எரிமலையன்று. அது சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுடைய சார்னோக்கைட் பாறையால் ஆனது. ஆயினும், எரிமலைப் படங்களைப் படிக்க விரும்பும் சேலத்து மாணவர்கள் இங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படத்தில் காண்பதை நேரில் சென்று சரிபார்க்கும் வாய்ப்பு, ஆளில்லாத பாரன் தீவில் கிடைக்காது.

முதலில், ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களைத் தரும் கோப்பர்நிக்கஸ் பிரௌசர் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து, ஏற்காட்டைத் தேடி, சென்டினல்-2 செயற்கைக்கோளையும் மார்ச் மாதத்தில் மேகமற்ற ஒரு நாளையும் தேர்ந்தெடுக்கவும். இயல்பு வண்ணப் படத்தில் ஏரியும், அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்களும் தெளிவாகத் தெரியும்.

அடுத்து, குற்றலை அகச்சிவப்புக் (SWIR) காட்சிக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத நீண்ட அலைநீள ஒளியில் எடுத்த படத்துக்கு மாற்றவும். இந்தப் படியில் அவசரம் வேண்டாம். சுரங்கம் பளிச்சிடுவது சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால். தீயும் எரிகுழம்பும் தாமே கதிர்வீசுகின்றன. ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள பசால்ட் குழம்பின் கதிர்வீச்சு 2.1 மைக்ரான் அலைநீளத்தையொட்டி உச்சம் பெறுவதால், 2.2 மைக்ரானையொட்டிய ஒளியைப் பதிவு செய்யும் சென்டினல்-2இன் 12ஆம் பட்டையில் (அலைநீளப் பகுதியில்) அது செம்மஞ்சளாக ஒளிரும். கோடையில் மலைச்சரிவில் காட்டுத்தீ பற்றிய நாளின் படம் கிடைத்தால், புகையை ஊடுருவித் தெரியும் தீயின் விளிம்பையும், அதன் பின்னால் கருகிக் கிடக்கும் நிலத்தையும் பிரித்தறிந்து பழகலாம்.

கண் பழகியபின் 12.28 வடக்கு, 93.86 கிழக்கு என்ற ஆயத்தொலைவுகளைத் தேடல் பெட்டியில் இடவும். போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவிலுள்ள பாரன் தீவு திரையில் வரும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து அடங்கியிருந்து, 1991இல் மீண்டும் சீறத் தொடங்கிய இந்த எரிமலையின் வாய்ப்பகுதியில் செம்மஞ்சள் புள்ளிகள் தென்படுகின்றனவா என்று வெவ்வேறு தேதிகளின் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கவும். 12ஆம் பட்டையில் ஒரு படப்புள்ளி (பிக்சல்) 20 மீட்டர் அகல நிலத்தைக் குறிக்கும் என்பதால், ஓரிரு புள்ளிகளும் பொருட்படுத்தத்தக்கவையே. வாயிலிருந்து கிளம்பும் வெண்மை பெரும்பாலும் நீராவி. பழுப்பும் சாம்பல் நிறமும் கலந்து காற்றின் திசையில் நீள்வது சாம்பல் புகையாக இருக்கக்கூடும்.

ஒற்றைப் படத்தை நம்பி முடிவு கூறலாகாது. தீயையும் வெப்பத்தையும் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் (FIRMS) வரைபடத்தில் அதே தேதிக்கு வெப்பப்புள்ளி உள்ளதா என்று பார்க்கவும். அதற்குத் தரவு தரும் விர்ஸ் (VIIRS) என்ற செயற்கைக்கோள் கருவியின் நுணுக்கம் 375 மீட்டர்தான் என்றாலும், அது இரவிலும் பதிவு செய்வதால் சூரிய ஒளியின் பளபளப்பு நம்மை ஏமாற்றாது. பெரிய வெடிப்பாயின், சென்டினல்-5பி தரும் சல்பர் டை ஆக்சைடு படமும் துணைசெய்யும்.

ஒவ்வொரு படத்துக்கும் தேதி, நேரம், பட்டை, மேக நிலை ஆகியவற்றை அட்டவணையில் குறித்துவைக்கவும். மேகம் மூடிய நாளுக்கு எதிரே “வெடிப்பு இல்லை” என்று எழுதாமல், “காண இயலவில்லை” என்றே எழுதவும்.