லைவ் தெரிகிறது, பதிவு எங்கே? வை-பை கேமரா வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் பெரியப்பாவுக்குச் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. போன வருடம் ஒரு நாள் காலையில் அவரிடமிருந்து போன். முந்தின நாள் எடை போட்டு வைத்த சரக்கில் ஒரு பொட்டலம் குறைகிறது, வந்து கேமராவைப் பார்த்துச் சொல் என்றார். ஆப்பைத் திறந்தால் பட்டறை பளிச்சென்று தெரிந்தது. பின்னால் நகர்த்திப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கடைசிப் பதிவின் தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது. உள்ளே இருந்த மெமரி கார்டு அன்றோடு எழுதுவதை நிறுத்தியிருந்தது.

"தினமும் போன்ல பாக்கறனே சாமி, நல்லாத்தான ஓடுது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொட்டலம் அன்று மாலையே வேறொரு டப்பாவில் கிடைத்தது. ஆனால் அதற்குள் வேலை செய்யும் இரண்டு பேர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. அதில் ஒருவர் இன்றுவரை பெரியப்பாவோடு பழையபடி பேசுவதில்லை. முந்தின நாள் பதிவு இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

அதிலிருந்து சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் வீட்டுக்கு எங்கே போனாலும் நான் லைவைப் பார்ப்பதில்லை. "நேற்று மதியம் மூன்று மணிக்கு என்ன நடந்தது, காட்டுங்கள்" என்று கேட்கிறேன். பாதிப் பேருக்குக் காட்ட முடிவதில்லை.

முதல் தவறு மெமரி கார்டில் இருப்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்கு நல்ல விலை கொடுத்துவிட்டு, கார்டுக்கு மட்டும் வீட்டில் சும்மா கிடந்ததைப் போடுகிறோம். போட்டோ எடுப்பதற்கான சாதாரணக் கார்டு எப்போதாவது எழுதப்படுவது. கேமராவில் அது இரவும் பகலும் எழுதி, நிரம்பியதும் பழையதை அழித்து மறுபடி எழுதிக்கொண்டே இருக்கிறது. இத்தனை முறைதான் எழுத முடியும் என்று அதன் நினைவுச் சில்லுக்கு ஒரு வரம்பு உண்டு. அது தீர்ந்ததும் பல கார்டுகள் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. பெரியப்பாவின் கார்டுக்கு நடந்தது அதுதான். கண்காணிப்புக்கென்றே 'ஹை எண்டியூரன்ஸ்' என்று அச்சிட்டு விற்கும் கார்டுகள் இருக்கின்றன. கொஞ்சம் கூடுதல் விலைதான், அதையே வாங்குங்கள்.

எத்தனை ஜிபி வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. 1080பி தரப் படத்தை எச்.264 என்ற சுருக்க முறையில் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால், ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகும். எச்.265 முறைக்கு மாற்றினால் ஏறக்குறைய பாதி. அப்படி வைத்தாலும் 64 ஜிபி கார்டில் ஐந்தாறு நாள்தான் நிற்கும். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்ப்பவருக்கு அது போதாது, 128 ஜிபி வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று முகம் தெரியாத கடையில் வாங்கிய 128 ஜிபி கார்டுகளில், உள்ளே உண்மையில் 16 ஜிபி மட்டுமே இருக்கும் போலிகளும் உண்டு. போட்டு ஒரு வாரம் கழித்து எத்தனை நாள் பதிவு நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். கார்டைக் கணினியில் இல்லாமல் கேமராவிலேயே பார்மட் செய்யுங்கள். அப்புறம் மாதம் பிறந்தால் ஒரு நாள், பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். அப்படியே கேமராவின் கடிகாரத்தையும் பாருங்கள். நேர மண்டலம் சரியாக வைக்காததால் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடும் கேமராக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, வை-பைக்கு வருவோம்.

'ஒயர்லெஸ்' என்றால் ஒயரே வேண்டாம் என்று நினைத்து வாங்குவோர் உண்டு. படம் போகும் வழிக்குத்தான் ஒயர் இல்லை. பேட்டரி வகை தவிர மற்றதற்கெல்லாம் கரண்ட் ஒயர் வேண்டும். பிளக் பாயின்ட் எங்கே என்று பார்த்த பிறகுதான் கேமராவுக்கு இடம் குறிக்க வேண்டும். பாயின்ட் தூரமாக இருந்தால் பெரும்பாலோர் நீளமான யுஎஸ்பி கேபிள் வாங்கி இழுத்துவிடுகிறார்கள். மெல்லிய ஒயரில் தூரம் கூடக்கூட வோல்ட்டேஜ் குறையும். பகலில் கேமரா எப்படியோ ஓடிவிடும். இருட்டியதும், கேமரா இரவில் பார்ப்பதற்கான அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்க, கூடுதல் கரண்ட் இழுக்க முடியாமல் அணைந்து அணைந்து எரியும். "ராத்திரி மட்டும் கேமரா வேலை செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது கேபிளையும் அடாப்டரையும்தான்.

வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே புரிந்துகொள்ளும். இன்றைய ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகின்றன. போன் 5-இல் இருக்க, கேமரா 2.4-இல் தேட, இணைப்பு ஏறவே ஏறாது. கேமரா பழுது என்று கடையில் திருப்பிக் கொடுப்பவர்களில் பலர் இதில்தான் மாட்டியிருக்கிறார்கள். ரவுட்டர் அமைப்பில் 5-ஐச் சற்று நேரம் அணைத்துவிட்டு இணைத்தால் முடிந்தது. இல்லையென்றால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் மாதிரி அடுக்குமாடி வீடுகள் நெருங்கிய பகுதியில், சுற்றியுள்ள எல்லா ரவுட்டரும் ஒரே சேனலில் மோதிக்கொண்டிருக்கும். 2.4-இல் ஒன்றையொன்று இடிக்காதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அதில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

கடைக்காரர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. ரவுட்டர் கடைக்குள்ளே, கேமரா வெளியே. பகலில் ஷட்டர் திறந்திருக்கும்போது மாட்டி, சிக்னல் நன்றாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுப் போய்விடுகிறார்கள். இரவு இரும்பு ஷட்டரை இழுத்து மூடியதும் கேமராவுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒரு இரும்புச் சுவர் வந்துவிடுகிறது. திருட்டுப் பயம் உள்ள நேரத்தில் மட்டும் கேமரா இணைப்பில் இருக்காது! அம்மாப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. ஷட்டரை மூடிவிட்டு, வெளியே கேமரா மாட்டும் இடத்தில் போனை வைத்துப் பாருங்கள். சிக்னல் விழுந்தால் ரவுட்டரையோ கேமராவையோ இடம் மாற்ற வேண்டும். நிறையக் கம்பி போட்ட கான்கிரீட் சுவரும், தண்ணீர் நிரம்பிய மொட்டைமாடித் தொட்டியும்கூட இதே வேலையைச் செய்யும்.

கரண்ட் போனால்? கேமராவுக்கு மட்டும் பேக்கப் கொடுத்துப் பயனில்லை. ரவுட்டர், ஃபைபர் இணைப்புப் பெட்டி, கேமரா மூன்றும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால்தான் அலாரம் போனுக்கு வரும். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறது. வாங்குமுன் ரவுட்டரின் வோல்ட்டேஜ் அதனுடையதோடு பொருந்துகிறதா என்று அடாப்டரில் படித்துப் பாருங்கள்.

இனி, எங்கே மாட்டுவது. உயரத்தில் மாட்டினால் ஊரே தெரியும் என்று மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டுகிறோம். ஊர் தெரியும், ஆள் தெரிய மாட்டார். வருபவரின் உச்சந்தலை மட்டும் கிடைக்கும். ஒருவரை முகம் பார்த்து இன்னார் என்று சொல்ல, காட்சியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 250 பிக்சல் வேண்டும் என்பது கண்காணிப்புத் துறையில் வழங்கும் தரக்கணக்கு. 1080பி கேமராவில் அகலவாக்கில் 1920 பிக்சல்தான் இருக்கிறது. அதாவது ஏழரை மீட்டர் அகலம் வரைதான் முகம் நிற்கும். வழக்கமாக வரும் 2.8 மி.மீ. லென்ஸ் சுமார் 100 டிகிரி விரிவதால், பத்தடி தள்ளிப் போனாலே காட்சி அந்த அகலத்தைத் தாண்டிவிடும். ஆக, கேட்டுக்கு வருபவர் முகம் வேண்டுமானால் கேமரா கேட்டருகே எட்டு, ஒன்பது அடி உயரத்தில் இருக்க வேண்டும். தெரு முழுக்கத் தெரிய வேண்டுமானால் அதற்கு இன்னொரு கேமரா. ஒன்றே இரண்டையும் செய்யும் என்று நம்பாதீர்கள்.

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து வெளியே பார்க்க விடுவதும் பகலுக்கு மட்டுமே உதவும். இரவில் அதன் அகச்சிவப்பு வெளிச்சமே கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையாகிவிடும். சிலந்தி வலையும் அப்படித்தான். கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், வலை காற்றில் ஆட ஆட இரவெல்லாம் அலாரம் வரும். அலுத்துப்போய் அறிவிப்பையே அணைத்துவிடுவோம். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் ஒரு தட்டு தட்டினால் போதும்.

பேட்டரியில் ஓடும் கேமராக்கள் ஆள் நடமாட்டத்தை உடல் சூட்டை வைத்து உணர்கின்றன. சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான் அதற்கு ஆதாரம். ஏப்ரல், மே மதியத்தில் நம் சேலத்து மேற்குச் சுவர் எவ்வளவு சுடும் என்று தெரியும். அந்த நேரத்தில் ஆளும் சுவரும் அதற்கு ஒன்றுபோலத் தெரிந்து, பக்கத்தில் வந்தாலும் விழித்துக்கொள்ளாமல் இருக்கக்கூடும். சேலத்து வீட்டுக்கு நான் எப்போதும் கரண்டில் ஓடும் கேமராவையே சொல்வேன்.

ஏற்காடு வேறு உலகம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால், சேலத்தில் சரியாக வேலை செய்த அமைப்பு அங்கே காலை வாரிவிடும். முதல் எதிரி பனிமூட்டம். கேமராவின் சொந்த விளக்கு மூட்டத்தில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்புவதால், இரவில் திரையில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். பனியில் வண்டியின் ஹைபீம் போட்டால் என்ன ஆகுமோ அதுவேதான். என் நண்பரின் காபி எஸ்டேட்டில், களத்தில் காயும் காபியைப் பார்க்க வைத்த கேமரா பறிப்புக் காலம் முழுக்க இப்படிக் குருடாக இருந்தது. கேமராவின் விளக்கை அணைத்துவிட்டு, ஏழெட்டு அடி பக்கவாட்டில் தனியாக ஒரு விளக்கு வைத்த பிறகு களத்தின் பாதியாவது தெரிந்தது. அடர்மூட்டத்தில் எதுவும் உதவாது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காட்டெருமை வந்து நின்றால் மூச்சுச் சத்தம்தான் முதலில் பதிவாகிறது.

சோலார் கேமரா அங்கே ஆசை காட்டும். மேகமும் மூட்டமுமாக நாலு நாள் தொடர்ந்தால் பேட்டரி இறங்கிவிடும். சில்வர் ஓக் நிழலில் பேனல் வைத்தால் வெயில் நாளிலும் ஏறாது. பேனலுக்கு வெட்டவெளி தேடுங்கள், கேமராவை மட்டும் நிழலில் விடுங்கள். தூசி, தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி 66 என்று போட்டிருப்பது கேமராவின் உடம்புக்குத்தான். அதிலிருந்து தொங்கும் ஒயர் இணைப்புக்கு இல்லை. அதை ஒரு பெட்டிக்குள் வைத்து, ஒயர் உள்ளே நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எஸ்டேட்டில் பெரும்பாலும் சிம் போட்ட ரவுட்டர்தான். தினம் 2 ஜிபி தரும் பேக்கில், நாளெல்லாம் கிளவுடுக்குப் பதிவை அனுப்பினால் காலைச் சாப்பாட்டுக்குள் டேட்டா தீர்ந்துவிடும். பதிவு கார்டில் இருக்கட்டும். போனில் பார்க்கும்போது குறைந்த தரத்தில் பாருங்கள்.

இவ்வளவு கவனமாக மாட்டிய கேமராவின் சாவி யார் கையில் இருக்கிறது? நிறைய வீடுகளில், மாட்டிக்கொடுத்தவர் அவசரத்தில் தன் போன் நம்பரிலேயே கணக்கைத் தொடங்கி, வீட்டுக்காரருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் வீட்டுக் கூடத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது சரியல்ல. உரிமையாளர் கணக்கு உங்கள் நம்பரில் இருக்க வேண்டும், மற்றவர்களுக்கு அதிலிருந்து பகிர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அப்படியே விடுவது இன்னும் ஆபத்து. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், அறுபது சொச்சம் பழக்கமான பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் முயன்றுபார்த்தே உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும், டிவிஆர் எனும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21-இல் இணையதள முகவரிகளுக்கு வழிகாட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர் போன்ற பெரிய தளங்களே மணிக்கணக்கில் திணறின. பாஸ்வேர்டை மாற்றுங்கள், அப்டேட் வந்தால் போடுங்கள், ரவுட்டரில் போர்ட் திறக்க, அதாவது வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழிவிடச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். முடிந்தால் கேமராவை விருந்தினர் வை-பையில் தனியாக வையுங்கள்.

கேமராவின் பார்வை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகிறதா என்று ஒருமுறை நின்று பாருங்கள். பல ஆப்களில் அந்தப் பகுதியை மறைக்கும் வசதி இருக்கிறது. பட்டறையில், கடையில் வேலை செய்பவர்களிடம் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். உடை மாற்றும் இடம் பக்கமே அது போகக் கூடாது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

கடைசியாக, ஏதாவது நடந்துவிட்டால் செய்யும் தவறு. பதற்றத்தில் திரையை இன்னொரு போனால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் நாலு குழுவுக்கு அனுப்பிவிட்டு, மூலப் பதிவை மறந்துவிடுகிறோம். ஐந்தாறு நாளில் கேமரா அதன் மேலேயே புதிதாக எழுதிவிடும். போலீசுக்குப் போகுமுன் அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரப் பதிவை ஆப்பிலிருந்து மூலக் கோப்பாக இறக்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஏற்க ஒரு சான்றிதழ் கேட்கிறது. கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் அதில் வர வேண்டும். அதனால் கோப்பை வெட்டவோ, பெயர் எழுதவோ, வெளிச்சம் கூட்டவோ வேண்டாம். கேமராவை அணைத்து, அந்தக் கார்டைக் கழற்றி, ஒரு கவரில் போட்டுத் தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். அந்த இடத்தில் வேறொரு கார்டைப் போட்டு, பார்மட் செய்து, பத்து நிமிடம் கழித்துப் பதிவு ஏறுகிறதா என்று பின்னால் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.