ஆபீஸ் கூட்டத்தோடு அறப்பணி மலைநடை: எங்கெல்லாம் சொதப்புகிறது?

"எல்லாரும் சேர்ந்து ஒரு மலை ஏறுவோம், அதை வைத்து நல்ல காரியத்துக்குப் பணமும் திரட்டுவோம்" என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. பத்தே நிமிடத்தில் டீ-ஷர்ட்டின் நிறம்கூட முடிவாகிவிடும். பணம் யாருக்குப் போகிறது, ஏற முடியாதவர்கள் என்ன செய்வார்கள், பாதியில் மழை வந்தால் யார் சொல்வதைக் கேட்பது என்பதெல்லாம் கடைசி வாரம் வரை பேசப்படாமலே கிடக்கும். மலைமேல் வரும் தொல்லைகளில் பாதி அந்தக் கூட்ட அறையிலேயே தொடங்கிவிடுகின்றன.

முதலில், பெயருக்காக மலையைத் தேர்ந்தெடுப்பது. பிரிட்டனில் மூன்று சிகரச் சவால் என்று ஒன்று உண்டு. பென் நெவிஸ் (1,345 மீட்டர்), ஸ்கேஃபெல் பைக் (978), ஸ்னோடன் (1,085) ஆகிய மூன்றையும் 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்க வேண்டும். அறப்பணிக்காக அலுவலகக் குழுக்கள் விரும்பி எடுப்பது இதைத்தான். ஆனால் அந்த நேரத்தில் கணிசமான பகுதி வண்டியிலேயே கழியும். தூக்கமில்லாமல் நடக்கவும் வேண்டும். நள்ளிரவில் வந்து இறங்கும் கூட்டத்தின் சத்தமும் குப்பையும் அடிவாரத்து ஊர்க்காரர்களுக்குத் தலைவலி. சக ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகத்தான் இந்த நடை என்றால், பகலில் ஏறி இறங்கக்கூடிய சாதாரண மலை ஒன்றே போதும்.

அடுத்தது நேரக் கணக்கு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், மேலே ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் பாதையில் 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம் வரும். இது பழகிய கால்களுக்கு, ஓய்வில்லாமல் நடந்தால் வரும் கணக்கு. நாளெல்லாம் நாற்காலியில் இருக்கும் இருபது பேருக்கு, போட்டோ எடுப்பதையும் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டுவதையும் சேர்த்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

குழு உணர்வைக் கெடுப்பது பெரும்பாலும் வேகம்தான். வேகமாக நடப்பவர்கள் முன்னே போய், ஒரு பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கதை பேசுவார்கள். பின்தங்கியவர் மூச்சு வாங்க அங்கே வந்து சேர்ந்ததும், "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவையில்லாதவருக்கு ஓய்வு கிடைத்தது, தேவைப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை. நான்கு முறை இப்படி நடந்தால், திங்கட்கிழமை அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். மெதுவாக நடப்பவரை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். அனுபவமுள்ள ஒருவர் கடைசி ஆளாக வரட்டும். மேனேஜர் முதலில் உச்சியைத் தொட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பின் டிரெய்ல்வாக்கர் நடையை இங்கே நினைவுபடுத்தலாம். ஹாங்காங்கில் 1981-இல் கூர்க்கா படையினரின் பயிற்சியாகத் தொடங்கி, 1986-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. நான்கு பேர் கொண்ட குழு 100 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நால்வரும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இருபது பேரையும் நால்வர் நால்வராகப் பிரித்து, வெவ்வேறு பிரிவு ஆட்களைக் கலந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி பணம். இங்கேதான் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கிறது. "உச்சியைத் தொட்டால் இவ்வளவு தருகிறேன்" என்று நன்கொடையாளர்களிடம் வாக்கு வாங்குவது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேகம் இறங்கி, காற்று பலத்து, திரும்ப வேண்டிய நேரமும் தாண்டிய பிறகு அந்த வாக்கு எல்லோரையும் மேலே தள்ளும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பணம் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது" என்ற பேச்சு எழும். பங்கேற்புக்கே பணம் கேளுங்கள். திரும்பும் நேரத்தை முன்பே எழுதி வைத்து, அந்த முடிவைப் பதவியில் பெரியவரிடம் விடாமல் மலை தெரிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள். உயரே போகப்போக 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். அடிவாரத்து வெயிலை நம்பி பருத்திச் சட்டையோடு மட்டும் கிளம்பியவர், அது நனைந்ததும் நடுங்கத் தொடங்குவார்.

செலவும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலப்பது இன்னொரு வம்பு. பேருந்து, வழிகாட்டி, காப்பீடு, டீ-ஷர்ட் எல்லாம் நிறுவனத்தின் செலவு என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால், நன்கொடை முழுவதும் அறக்கட்டளைக்குப் போகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். இல்லையென்றால், எவ்வளவு கழித்துக்கொள்கிறீர்கள் என்பதை நன்கொடை கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். பணம் ஒரு ஊழியரின் சொந்தக் கணக்கில் சேர வேண்டாம். நேரடியாக அறக்கட்டளைக்கே போகட்டும், ரசீதும் அங்கிருந்தே வரட்டும். பொது இடத்தில் யார் எவ்வளவு திரட்டினார் என்று பட்டியல் ஒட்டுவதையும் விட்டுவிடலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும் மேலதிகாரிக்கும் தெரிந்தவர்கள் ஒன்றல்ல.

வர முடியாதவர்கள் எப்போதும் இருப்பார்கள்: முழங்கால் வலி, கர்ப்பம், வெளியே சொல்ல விரும்பாத உடல்நிலை, வீட்டில் குழந்தை. காரணம் கேட்காதீர்கள். அதே நாளில் சமதளத்தில் ஒரு குட்டை நடை, பதிவு மேசை, கணக்கு, தொலைபேசியில் தொடர்பு என்று வேலைகள் ஏராளம். ஆனால் அவற்றை மிச்சமான வேலையாகக் கடைசியில் நீட்டாமல், மலைநடையை அறிவிக்கும் முதல் மின்னஞ்சலிலேயே அதே வரிசையில் போடுங்கள்.