பிளாட்டியா போரைப் பொத்தான் வைத்து நடத்திப் பார்ப்பது எப்படி?

கி.மு. 479இல் கிரேக்கரும் பாரசீகரும் மோதிய பிளாட்டியா போர், தட்டையான வரைபடத்தில் பிடிபடாது. ஒரு சார்ட் பேப்பரும் பொத்தான்களும் போதும், விளங்கிவிடும்.

சார்ட்டின் அடியில், தெற்கே, சித்தேரோன் மலையை வரையுங்கள். நடுவே கிழக்கு மேற்காக அசோப்பஸ் ஆறு. அதற்கு வடக்கே பாரசீகரின் மரக்கோட்டை. தென்மேற்கில் மலையடியில் பிளாட்டியா ஊர். ஆற்றுக்குத் தெற்கே, கிழக்குப் பக்கமாக, கார்காஃபியா ஊற்றை நீல மையால் பெரிதாகவே குறியுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒரு பொத்தான் 500 கவச வீரர்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் 38,700 கிரேக்கருக்கு 77 பொத்தான். கிழக்கு முனையில் ஸ்பார்ட்டாவுக்கு 20, ஒட்டி டெஜியாவுக்கு 3. மேற்கு முனையில் ஏதென்ஸுக்கு 16, பக்கத்தில் பிளாட்டியாவுக்கு 1. மிச்சம் 37, கொரிந்து, மெகாரா முதலிய ஊர்களுக்கு, நடுவில். பாரசீகர் 3 லட்சம் என்கிறார் அவர். அதை நம்பி 600 பொத்தான் தேட வேண்டாம், ஏறக்குறைய சம அளவு வைத்தால் போதும். ஏதென்ஸுக்கு எதிரே, பாரசீகர் பக்கம் சேர்ந்த கிரேக்கரான தீப்ஸ்காரர், ஸ்பார்ட்டாவுக்கு எதிரே பாரசீகர். பாரசீகப் படைத்தலைவர் மர்டோனியஸுக்கு ஒரு வெள்ளைப் பொத்தான். அவர் ஏறி வந்தது வெள்ளைக் குதிரை.

முதலில் கிரேக்கரை மலையடியில் நிறுத்தி, பிறகு ஊற்றருகே இறக்குங்கள். அங்கே நாள்கணக்கில் காத்திருப்பு. ஆற்றில் தண்ணீர் மொள்ள வில்லாளிகள் விடவில்லை. உணவு கொண்டுவந்த 500 பொதி விலங்குகள் கணவாயில் பறிபோயின. கடைசியில் குதிரைப்படை ஊற்றையும் பாழாக்கியது. இரவோடு இரவாகப் பின்வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

இங்கேதான் கை தவறும். மொத்த வரிசையையும் அப்படியே பின்னே இழுக்காதீர்கள். நடு அணி பிளாட்டியா ஊருக்கு முன்னிருந்த ஹீரா கோயிலுக்கே போய்விட்டது. அமொம்ஃபரெட்டஸ் என்ற ஸ்பார்ட்டாத் தளபதி பின்வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததில் பொழுது விடிந்துவிட்டது. நடு அணி, ஸ்பார்ட்டா, ஏதென்ஸ் என மூன்று கூட்டங்களுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் மர்டோனியஸ் அவசரமாக ஆற்றைக் கடந்தார்.

தீப்ஸ்காரரை ஏதென்ஸ்மீது மோதவிடுங்கள். ஸ்பார்ட்டாவுக்கு உதவி வராது. அந்த 23 பொத்தான்களை உடனே நகர்த்தக் கூடாது. பாரசீகர் பிரம்புக் கேடயங்களைச் சுவராக நட்டு அம்பு பொழிய, பலியில் நல்ல சகுனம் வரும்வரை கிரேக்கப் படைத்தலைவர் பௌசானியஸ் படையை அடக்கி வைத்திருந்தார். முந்திப் பாய்ந்தது டெஜியா. பிரம்புச் சுவர் சரிந்தபின் கவசமில்லாத பாரசீகர், நீண்ட ஈட்டிகளுக்கு முன் நிற்க முடியவில்லை. இப்போது வெள்ளைப் பொத்தானை எடுங்கள். சண்டையில் சேராமல் பின்னே நின்ற இன்னொரு பாரசீகத் தளபதி அர்தபாசஸின் படையை வடமேற்கே அனுப்பிவிட்டு, எஞ்சியதை மரக்கோட்டைக்குள் தள்ளுங்கள்.