புலி, சிறுத்தை, சின்னப் பூனைகள்னு கணக்கெடுக்கப் போறீங்களா, இந்தத் தவறெல்லாம் பண்ணிடாதீங்க

காட்டுல கட்டி வச்சு, விலங்கு முன்னாடி வந்தா தானா படம் எடுக்குற கேமராவுல படம் விழல, அதனால இந்தக் காட்டுல சிறுத்தை இல்லன்னு எழுதி முடிச்சிடுறாங்க பாருங்க, இந்த வேலையில நான் திரும்பத் திரும்ப பாக்குற தவறு அதுதான். விலங்கு அங்க இருக்குறது வேற, அது நம்ம கண்ணுல மாட்டுறது வேற. ஒரு இடத்துல சிறுத்தைப்பூனைங்கிற சின்னக் காட்டுப்பூனை இருக்குன்னு வச்சுக்கோங்க, ஒரு ராத்திரில அது நம்ம கேமரா முன்னாடி வர்றதுக்கு 20 சதவீதம் வாய்ப்புன்னா, 5 ராத்திரி வச்சும் ஒரு படம்கூட விழாம போறதுக்கு 33 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அதாவது மூணுல ஒரு இடத்துல இருக்குற பூனைய இல்லன்னு எழுதிருவோம். அதே கேமராவ 14 ராத்திரி விட்டா அந்த வாய்ப்பு 4 சதவீதமா குறைஞ்சிடும். ஒரே இடத்த பல தடவை பாத்து, எத்தனை தடவை மாட்டுச்சு எத்தனை தடவை மாட்டலன்னு தனித்தனியா எழுதி வச்சாத்தான் இந்த வாய்ப்பையே கணக்குப் போட முடியும், மாட்டாம போற வாய்ப்பையும் சேர்த்து விலங்கு எத்தனை இடத்துல இருக்குன்னு மதிப்பிடுற ஆக்யுபன்சி மாடல் 2002லயே வந்தாச்சு, இன்னமும் வெறும் "இருக்கு, இல்ல"ன்னு மேப் போடுறவங்களப் பாத்தா வருத்தமாத்தான் இருக்கு.

இதுக்கு நேர் எதிரான தவறும் இருக்கு, படம் நிறைய விழுந்தா விலங்கும் நிறையன்னு நினைக்கிறது. வண்டிப்பாதை ஓரமா கேமரா வச்சா ஒரே ஆண் புலி வாரத்துக்கு நாலு தடவை வந்து நிக்கும், புதருக்குள்ள வச்சா அஞ்சு புலி இருந்தும் ஒண்ணுகூட விழாது. இந்தியாவுல 2018 புலிக் கணக்கெடுப்புல 26,838 இடத்துல கேமரா வச்சாங்க, 3.48 கோடிக்கு மேல படம் விழுந்துச்சு, அதுல புலிப்படம் 76,651. உடம்புல இருக்குற வரியப் பாத்துப் பிரிச்சப்போ தெரிஞ்ச தனித்தனி புலி 2,461, மாட்டாம போனதையும் சேர்த்து மதிப்பிட்டது 2,967. இந்தக் கடைசி மூணு நம்பரும் மூணு வேற விஷயம், எதை எதுக்குப் பதிலா எழுதினாலும் தப்பு. 20 விலங்கு மாட்டியிருக்கு, மாட்டுற வாய்ப்பு 80 சதவீதம்னா மொத்தம் 25 இருக்கும், 40 சதவீதம்னா 50 இருக்கும். அந்த வாய்ப்பு தெரியாம 20ங்கிற நம்பர மட்டும் வச்சு ரெண்டு காட்ட ஒப்பிட்டு, இங்க கூடிருச்சு அங்க குறைஞ்சிருச்சுன்னு பேசுறதுல அர்த்தமே இல்ல.

இதெல்லாம் ஏட்டுக்கணக்குன்னு நினைக்காதீங்க. காலடித்தடத்த அச்செடுத்து, இது இந்தப் புலி அது அந்தப் புலின்னு பல வருஷம் எண்ணிட்டிருந்தோம். ஒரே புலியோட தடம் சேத்துல ஒரு மாதிரி, மணல்ல ஒரு மாதிரி விழும், எடுக்குறவர் கைக்கு ஏத்த மாதிரியும் மாறும். ராஜஸ்தான்ல இருக்குற சரிஸ்கா புலிகள் காப்பகத்துல பேப்பர்ல புலி இருந்துட்டே இருந்துச்சு, 2005ல தேடிப்பாத்தா ஒண்ணுமே இல்ல. கேமராவுல விழுந்த வரிய வச்சு ஒவ்வொரு புலியையும் அடையாளம் கண்டு மதிப்பிடுற முறைய கர்நாடகாவுல இருக்குற நாகரஹொளே காட்டுல உல்லாஸ் கரந்த்ங்கிற விஞ்ஞானி பண்ணி 1995லயே கட்டுரையா வந்திருந்தும், நாடு முழுக்க அந்தப் பக்கம் திரும்ப இன்னும் பத்து வருஷம் ஆச்சு.

கேமராவ எவ்வளவு தள்ளித்தள்ளி வைக்கிறதுன்னு வேற ஊர் கட்டுரையப் பாத்து காப்பி அடிக்கிறவங்க நிறைய. நாகரஹொளேல ஒரு பெண் புலி சுத்துற ஏரியா சுமார் 20 சதுர கிலோமீட்டர், ரஷ்யாவோட தூரக் கிழக்குல சுமார் 400. அங்கத்த இடைவெளிய இங்க வச்சா நடுவுல ஒரு முழு புலி கேமராவே பாக்காம வாழ்ந்துட்டுப் போயிரும். உங்க ஏரியாவுல இருக்குறதுலயே குறைவா சுத்துற பெண் விலங்கு, அதோட எல்லைக்குள்ள குறைஞ்சது ரெண்டு கேமராவாவது வர்ற மாதிரி வைங்க. அப்புறம் கேமரா இருந்த பரப்பால அப்படியே வகுத்து, இத்தனை சதுர கிலோமீட்டருக்கு இத்தனை விலங்குன்னு அடர்த்தி சொல்லாதீங்க, ஓரத்துல மாட்டுன விலங்கு பாதி நேரம் வெளியதான் இருக்கும், சின்ன ஏரியாவா இருந்தா நம்பர் எக்கச்சக்கமா ஏறிடும். எந்த விலங்கு எந்தெந்த கேமராவுல மாட்டுச்சுங்கிற இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுற முறை 2004லருந்து இருக்கு, அதையே பயன்படுத்துங்க.

ஒரு பக்கம் மட்டும் கேமரா வைக்கிறதும் பெரிய நஷ்டம். இடது பக்க வரி வேற, வலது பக்க வரி வேற, ரெண்டையும் சேர்த்துப் பாக்காம இது ஒரு புலியா ரெண்டு புலியான்னு சொல்லவே முடியாது. எதிரெதிரா ரெண்டு வைங்க, ஆனா நேருக்கு நேரா வேண்டாம், ஒண்ணோட ஃபிளாஷ் இன்னொண்ணுல அடிச்சு படம் வெளுத்துடும். வரியோ புள்ளியோ இல்லாத, அமெரிக்கக் கண்டத்துல இருக்குற பூமாங்கிற பெரிய பூனை மாதிரி விலங்குக்கு இந்த முறைய வலுக்கட்டாயமா பண்ணாதீங்க, அதுக்கு வேற மாடல் இருக்கு. கருஞ்சிறுத்தைக்குக்கூட வழி இருக்கு. மலேசியாவுல பகல்லயும் இன்ஃப்ராரெட்ல எடுக்குற மாதிரி கேமராவ மாத்தி, கருப்புக்குள்ள இருக்குற புள்ளிய வெளிய கொண்டு வந்து எண்ணியிருக்காங்க. படிச்சப்போ அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

பேரு விஷயத்துல நம்ம மொழியிலயே ஒரு சிக்கல். சிறுத்தைன்னா சிலருக்கு புள்ளி போட்ட சிறுத்தைப்புலி, சிலருக்கு சிவிங்கிப்புலி. புனுகுப்பூனைல பூனைங்கிற பேரு இருக்கே தவிர அது பூனைக் குடும்பமே இல்ல. காட்டோரம் இருக்குறவங்ககிட்ட "இங்க காட்டுப்பூனை இருக்கா"ன்னு கேட்டா ஆமான்னுதான் சொல்வாங்க, எதைச் சொல்றாங்கன்னு நமக்குத் தெரியாது. பேர நாம சொல்லிக் குடுக்காம, அவங்களையே விவரிக்கச் சொல்லணும், படத்தக் காட்டும்போது அங்க இருக்கவே முடியாத ஒரு விலங்கையும் நடுவுல வச்சுக் காட்டிப் பாக்கணும். எச்சமும் அப்படித்தான், அளவையும் வடிவத்தையும் பாத்து இது பனிச்சிறுத்தைதுன்னு எடுத்துட்டு வந்து டிஎன்ஏ பாத்தா நரியா இருக்கும்.

கேமரா உயரமும் கவனிங்க. புலிக்குன்னு முழங்கால் உயரத்துல கட்டிட்டு, ஒன்றரை கிலோ எடைதான் இருக்குற துரும்பன் பூனைங்கிற குட்டிக் காட்டுப்பூனை விழலன்னு சொன்னா எப்படி விழும்? அது கேமராவுக்குக் கீழயே போயிருக்கும். முன்னாடி இருக்குற புல்ல வெட்டாம விட்டா காத்துல ஆடுற புல்லையே எடுத்து எடுத்து கார்டும் பேட்டரியும் காலியாகும். நான் ஒரு தடவை பேட்டரி மாத்துனப்போ தேதி பழையபடி போயிருச்சு, பாக்காம மூடிட்டு வந்துட்டேன், ஒரு மாசப் படம் எந்த நாள் எந்த நேரம்னே தெரியாம போச்சு, இன்னைக்கும் மனசு கேக்கல. அதுலருந்து ஒவ்வொரு தடவையும் கேமரா நம்பர், இடம், தேதி, மணி எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி கேமரா முன்னாடி காட்டி முதல் படமும் கடைசிப் படமும் எடுத்துடுறேன்.

முடிவ வெளியிடும்போது சரியான ஜிபிஎஸ் புள்ளியப் போட்டுடாதீங்க, படத்துக்குள்ளயும் அது ஒளிஞ்சிருக்கும், அழிச்சிட்டுப் போடுங்க, வேட்டைக்காரனும் அதே மேப்பத்தான் பாக்குறான். கேமராவுல விறகு பொறுக்க வந்தவங்க, பொம்பளைங்க, புள்ளைங்க படம் விழுந்திருந்தா அது உங்க டேட்டா இல்ல, யார்கிட்டயும் காட்டாம அழிச்சிடுங்க.