அண்ணாவியாரின் தரு கிடைத்த பிறகு

மட்டக்களப்புக் கூத்துகளைப் பல வருஷமாகப் பதிவுசெய்து வருகிறேன். களரியில் (கூத்தாடும் வட்ட மேடையில்) பிடித்த ஒலி, பழைய கொப்பிகளின் படம் எல்லாம் ‘புதுசு’, ‘புதுசு2’, ‘கடைசி’ என்ற பெயர்களில் கிடந்தன. கூத்துப் பழக்கும் ஆசானான ஓர் அண்ணாவியார் காலமானதும் அவருடைய மகன் வந்து, “சேர், அப்பா பாடின தரு இருக்கா?” என்று கேட்டார். தரு என்றால் கூத்துப் பாட்டு. மூன்று இரவு தேடினேன். அந்தக் குரல் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாளே கோப்புகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். முதலில் வடமோடி, தென்மோடி என்று கூத்தின் இரு பாணிகளுக்கும் இரண்டு கோப்புறை, உள்ளே ஊர்வாரியாக. கோப்பின் பெயர் இப்படி: 2023-05-14_குருக்கள்மடம்_தரு. ஆண்டு முன்னால் நின்றால் பெயர் வரிசையே காலவரிசையாகிவிடும். தேதி எண்ணை முன்னால் போட்டால் எல்லா மாதத்து 14ஆம் தேதியும் ஒன்றாகக் குவியும். மாதத்தை 5 என்று போடாமல் 05 என்று போடுங்கள். இல்லாவிட்டால் சில கருவிகளில் 10ஆம் மாதம் முந்திக்கொள்ளும்.

ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ இணையதளத்தில் குறித்துவைத்த புத்தகங்களுக்கு, புக்மார்க் பெயரிலேயே அத்தளம் ஒவ்வொரு நூலுக்கும் தரும் நூலக எண்ணையும் சேர்த்தேன். இணைப்பு மாறினாலும் எண்ணை வைத்துத் தேடலாம்.

பிரதி ஒன்று கூகுள் டிரைவில். இன்னொன்று, மாரி வெள்ளத்துக்குப் பயந்து, அக்கரைப்பற்றில் அக்கா வீட்டு மேல்மாடியில்.